மரத்தின் தூரில் காளான் முளைத்தால்: அது எது, மரத்துக்கு ஆபத்தா என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

வீட்டுத் தோட்டத்தில் இருபது முப்பது வருஷமாக நிற்கிற வேம்போ மாவோ தென்னையோ, அதன் தூரில் மழைக்குப் பிறகு திடீரென்று காளான் கிளம்பினால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். காலால் உதைத்துத் தள்ளிவிடுகிறார்கள், இல்லையென்றால் நின்றவாக்கில் ஒரே ஒரு படம் எடுத்து "இது என்ன?" என்று நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். உதைத்துவிட்டால் கையில் இருந்த தடயமும் போய்விடும். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து எவ்வளவு தெரிந்தவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வெளியே தெரிகிற காளான் அந்தப் பூஞ்சையின் வித்து பரப்பும் உறுப்பு மட்டும்தான். பூஞ்சையின் உடல் மரத்துக்குள்ளேயோ மண்ணுக்குள்ளேயோ மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஆகவே நாம் தேட வேண்டிய முதல் பதில் அதன் பெயர் இல்லை. உயிரோடு இருக்கும் மரத்தின் வேரையும் கட்டையையும் தின்கிற பூஞ்சையா, மண்ணில் கிடக்கும் மக்கலைத் தின்று பிழைக்கிற பூஞ்சையா என்பதுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். தடயத்தைக் கலைக்கிற வேலைகளை எல்லாம் வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கைபேசி, ஒரு ஸ்கேல் அல்லது பத்து ரூபாய் நாணயம் (அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், படத்தில் அளவு காட்ட வசதி), பழைய கத்தி ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புத் தாள், இரண்டு மூன்று காகித உறைகள், ரப்பர் அல்லது மரச் சுத்தியல், நீளமான ஸ்க்ரூடிரைவர், கையுறை, முகக்கவசம். லென்ஸ் இல்லாவிட்டால் கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஓரளவு போதும்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். அதற்குள் காளான் வியர்த்து, மறுநாளே வேறு பூசணம் பிடித்து, புழு வைத்து, அடையாளம் எல்லாம் கெட்டுப்போகும்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள், அடுத்த மரத்துக்குப் போகும்முன் மறுபடி துடையுங்கள். ஒரு மரத்தின் அழுகலை நாமே இன்னொரு மரத்தின் காயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. அப்புறம், மழைக்காலத்தில் தூரில் சருகு கிடந்தால் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். தேளும் பாம்பும் ஒதுங்குகிற இடம் அது.

மழை பெய்து சில நாளில் காலை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. காய்ந்து கறுத்த பழைய காளானில் நிறமும் ஓரமும் போயிருக்கும்.

2. எதையும் தொடாமல் படம் எடுங்கள்

முதலில் பத்தடி தள்ளி நின்று மரம் முழுவதும், உச்சி வரை, ஒரு படம். பிறகு தூரும் சுற்றியுள்ள மண்ணும் தெரிய ஒன்று. அப்புறம் காளானை மேலிருந்து, பக்கவாட்டில், அடியிலிருந்து. பக்கத்தில் நாணயத்தை வையுங்கள்.

அடிப்பக்கப் படத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பெயர் சொல்ல அதிகம் உதவுவது அதுதான். தரையோடு ஒட்டியிருக்கிற காளானுக்கு அடியில் தலையைக் கொண்டுபோக முடியாது. கைபேசியின் முன்பக்கக் கேமராவைப் போட்டு, திரை மேலே பார்க்கும்படி மண்ணில் படுக்க வைத்துத் தள்ளினால் காளானைப் பிடுங்காமலே அடிப்பக்கம் விழுந்துவிடும்.

எத்தனை காளான், மரத்தின் எந்தத் திசையில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரு வட்டம் போட்டு வடக்கைக் குறித்து, காளான் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் போதும். காளான்கள் ஒரே பக்கத்தில் கூடியிருந்தால் அந்தப் பக்க வேருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இது நாலாவது படியில் உதவும்.

3. எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். காளானின் நிறத்தையும் வடிவத்தையும் விட அது எதிலிருந்து முளைத்திருக்கிறது என்பதுதான் பாதிப் பதில்.

காளானைப் பிடுங்காமல், அதன் காம்பைச் சுற்றி மண்ணை விரலாலோ கரண்டியாலோ மெதுவாக விலக்குங்கள். காம்பு எங்கே போய் முடிகிறதோ அதுவரை போங்கள். மூன்று விதமாக முடியலாம்.

முதலாவது, நேராக மரப்பட்டையிலோ தூரிலிருந்து பிரிகிற பெரிய பக்கவேரிலோ ஒட்டியிருக்கும். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். அதிலும் உயரம் முக்கியம். ஆள் உயரத்தில், எப்போதோ கிளை வெட்டிய காயத்தில் முளைத்தால் பெரும்பாலும் வைரக்கட்டை அழுகல். நடுவில் பொந்து விழுந்தாலும் சுற்றுக்கட்டை கெட்டியாக இருந்தால் மரம் பல வருஷம் நிற்கும். தூரிலோ பக்கவேரிலோ முளைத்தால் மரத்தைப் பிடித்து நிறுத்துகிற வேர்களே அழுகிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட மரம் மேலே பச்சைப்பசேலென்று இருக்கும்போதே காற்றில் சாயும், ஏனென்றால் தண்ணீர் உறிஞ்ச மிச்ச வேர்கள் போதும், காற்றைத் தாங்கத்தான் போதாது.

இரண்டாவது, மண்ணிலிருந்து வருவதுபோல் தோன்றும், தோண்டினால் புதைந்த வேரில் முடியும். மரத்திலிருந்து சில அடி தள்ளிக்கூட இப்படி வரலாம். வேர் உயிரோடு இருக்கிறதா என்று நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாக, வெளிர் நிறத்தில் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து, நாராக உரிந்தால் செத்த வேர். செத்த வேர் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அது இந்த மரத்தின் வேர்தானா? முன்பு அங்கே நின்று வெட்டப்பட்ட மரத்தின் கட்டை மண்ணுக்குள் இருந்தால் அதிலிருந்தும் வரும். அதனால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கானோடெர்மா (மரத்தின் வேரையும் தூரையும் அழுக்கும் தட்டுக் காளான் பூஞ்சை) போன்ற சில பூஞ்சைகள் பழைய கட்டையிலிருந்து, வேரும் வேரும் உரசும் இடம் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும்.

மூன்றாவது, காம்பு மண்ணிலோ மக்கிய எருவிலோ சருகிலோ மூடாக்குக்குப் போட்ட மட்டையிலோ முடிந்துவிடும், கட்டை எதிலும் தொடாது. இவை பெரும்பாலும் மக்கலைத் தின்று வாழ்பவை. மரத்துக்குத் தொந்தரவு இல்லை. யூகலிப்டஸ் அடியில் வருகிற உருண்டைக் காளான்கள் சில வேரோடு கூட்டு வைத்து மரத்துக்குச் சத்து எடுத்துக் கொடுப்பவை. அவற்றை அழிப்பது மரத்துக்குத்தான் நஷ்டம்.

தேடுகிற ஆர்வத்தில் கடப்பாரை போட்டு வேரைச் சேதப்படுத்திவிடாதீர்கள். விரல் போகாத இடத்தில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்து விலக்கலாம்.

4. மரம் எது, அதற்கு என்ன செய்தோம்

மரத்தின் பெயர் தெரியாமல் பூஞ்சையின் பெயரைத் தேடுவது வீண் வேலை. ஒவ்வொரு பூஞ்சைக்கும் பிடித்த மரங்கள் உண்டு. நம் ஊரில் தென்னை, வாகை, குல்மோகர், புங்கன், சவுக்கு, வேலமரங்கள் எல்லாம் கானோடெர்மாவுக்கு இடம் கொடுப்பவை.

அடுத்து, கடந்த பத்து வருஷத்தில் அந்த மரத்தைச் சுற்றி நடந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டினார்களா, சுற்றுச்சுவர் அஸ்திவாரத்துக்காக ஒரு பக்க வேரை வெட்டினார்களா, தூரைச் சுற்றி சிமென்ட் போட்டு மேடை கட்டினார்களா, மண் கொட்டி மேடாக்கினார்களா, தூரில் குப்பை எரித்தார்களா, வண்டி மோதியதா. கட்டையை அழுக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் காயம் வழியாகத்தான் நுழைகின்றன. குப்பை எரித்த சூட்டில் பட்டை உள்ளுக்குள் செத்துப்போகும், வெளியே தெரிய ஒன்றிரண்டு வருஷம் ஆகும், காளான் அதற்கும் பிறகு. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது படியில் வரைந்த வட்டத்தை எடுத்து, பள்ளம் தோண்டிய பக்கமும் காளான் இருக்கும் பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் காரணம் ஏறக்குறைய கையில் கிடைத்த மாதிரி.

தூரில் சுண்ணாம்பும் காவியும் அடித்திருந்தால் விரிசல், கசிவு, சிறிய காளான் மொட்டு எல்லாம் அதற்கடியில் மறைந்திருக்கும். கெட்டியான தூரிகையால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

5. இப்போது காளானைப் பாருங்கள்

முதல் பிரிவு சுலபம். குடை போலக் காம்பும் தொப்பியுமாக, மெத்தென்று, ஒரு வாரத்தில் வாடுகிறதா. அல்லது தட்டு போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காமல், மாதக்கணக்கில் நிற்கிறதா. தூரில் கெட்டியான தட்டுக் காளான் வந்தால் கட்டையைத் தின்கிற பூஞ்சை என்று எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

தட்டுக் காளானில் மேற்பரப்பு, ஓரம், அடிப்பக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். மேற்பரப்பு வார்னிஷ் அடித்த மாதிரி செம்பழுப்பாக மின்னுகிறதா என்பது பெரிய அடையாளம். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கானோடெர்மா தன் வித்துக்களைக் கொட்டும்போது அவை காற்றில் சுழன்று அதன் மேலேயே படிந்து, கோகோப் பொடி தூவியதுபோல் மங்கலாக்கிவிடும். பார்ப்பவர்கள் "இது மினுக்கவில்லை, வேறு ஏதோ" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஈரத் துணியால் ஒரு ஓரத்தைத் துடையுங்கள், அடியில் மினுக்கு இருந்தால் தெரிந்துவிடும். பக்கத்துச் செடியின் இலைகளிலும் சுவரிலும் அதே பழுப்புப் பொடி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் துடைத்துவிடாதீர்கள், அதையும் ஒரு படம் எடுங்கள்.

ஓரம் வெள்ளையாக அல்லது மஞ்சளாக, சற்று தடித்து இருந்தால் காளான் இன்னும் வளர்கிறது. ஓரம் வரை பழுப்பேறிவிட்டால் வளர்ச்சி நின்றுவிட்டது. காளானின் வளர்ச்சிதான் நின்றது, உள்ளே இருக்கும் பூஞ்சையின் வேலை நிற்கவில்லை.

கானோடெர்மா முதலில் வெளிவரும்போது தட்டாகவே இருக்காது. வெள்ளை உருண்டையாக, விரல் நுனி அளவில், மரத்திலிருந்து நுரை பிதுங்கினாற்போல் இருக்கும். இதைப் பார்த்துப் பிசின் என்பார்கள், சிப்பிக் காளான் மொட்டு என்பார்கள். இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பார்த்தால் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து செம்பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும்.

அடிப்பக்கத்தை லென்ஸால் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கிறதா, ஊசி குத்தியதுபோல் நுண்துளைகளா? துளைகள் என்றால் ஒரு தீக்குச்சியால் அந்தப் பரப்பில் ஒரு கோடு கிழியுங்கள். புது கானோடெர்மாவில் வெள்ளைப் பரப்பில் கிழித்த கோடு கண்ணெதிரே பழுப்பாக மாறும். கட்டையைத் தின்கிற இன்னொரு தட்டுக் காளானான ஃபெல்லினஸ் வகைகளில் அடிப்பக்கம் முதலிலிருந்தே பழுப்பாக இருக்கும். காய்ந்துபோன பழைய கானோடெர்மாவின் அடிப்பக்கமும் பழுப்பாகிவிடும் என்பதால் இந்தச் சோதனையை ஈரமான, வளரும் காளானில்தான் செய்ய வேண்டும்.

குடைக் காளானில் மடிப்பின் நிறம், காம்பில் வளையம் இருக்கிறதா, காம்பின் அடி பருத்திருக்கிறதா, வேர் போல மண்ணுக்குள் நீண்டு போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. ஒன்றை மட்டும் வெட்டிப் பாருங்கள்

படமும் குறிப்பும் முடிந்த பிறகுதான் கத்தி. பல காளான்கள் இருந்தால் ஒன்றை மட்டும், ஒட்டியிருக்கும் மரத்துணுக்கோடு சேர்த்து எடுங்கள். மற்றவற்றை விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் பிடுங்குவதால் மரம் குணமாகாது, பூஞ்சை உள்ளே அப்படியே இருக்கும்; அழுகல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று நமக்குக் காட்டிக்கொண்டிருந்த அடையாளம்தான் போய்விடும்.

எடுத்ததை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளங்கள். உட்சதை தக்கை போலவோ கரும்பழுப்பாகவோ இருக்கிறதா, துருப்பிடித்த இரும்பு நிறமா, வெள்ளையா? துரு நிறமும் கட்டை போன்ற கடினமும் சேர்ந்தால் ஃபெல்லினஸ் பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள். சதைக்கும் அடிப்பரப்புக்கும் நடுவில் செங்குத்தான குழல்கள் அடுக்கு அடுக்காக இருந்தால் பல பருவம் வளர்ந்த காளான், நோய் புதிதில்லை.

கூடவே வந்த மரத்துணுக்கைப் பிசைந்து பாருங்கள். வெளுத்து, ஈரமாக, பஞ்சாகவோ நாராகவோ பிரிந்தால் வெள்ளை அழுகல். பழுப்பாக, காய்ந்து, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து விரலில் பொடிந்தால் பழுப்பு அழுகல். கானோடெர்மாவும் ஃபெல்லினஸும் செய்வது வெள்ளை அழுகல். துணுக்கு பழுப்புக் கட்டங்களாகப் பொடிந்தால் இவை இரண்டும் இல்லை, வேறு ஒன்று.

7. வித்துப் பதிவு எடுங்கள்

குடைக் காளானுக்கு இது கட்டாயம். வெள்ளைத் தாளையும் கறுப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, காம்பை வெட்டிய தொப்பியை மடிப்பு கீழே இருக்கும்படி இரண்டு தாளிலும் பாதிப் பாதி படுமாறு கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காற்று பட்டால் வித்து பறந்துவிடும், அதற்குத்தான் கிண்ணம். இரண்டு நிறத் தாள் எதற்கென்றால், வெள்ளை வித்து வெள்ளைத் தாளில் தெரியாது. ஒன்றுமே விழவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவோம்.

காலையில் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்பா, கறுப்பா, வெள்ளையா, பச்சையா என்பது குடைக் காளான்களைப் பிரிக்க மிகவும் உதவும். தட்டுக் காளானுக்கு ஒரு முழு நாள்கூட ஆகலாம், அதுவும் வித்து கொட்டும் பருவத்தில் மட்டும். கானோடெர்மா என்றால் கோகோ நிறம்.

8. அடிக்கடி மாட்டும் ஆட்கள்

கானோடெர்மா: செம்பழுப்பு மினுக்கு, வளரும்போது வெள்ளை ஓரம், வெள்ளை அடிப்பக்கம், கோகோ நிற வித்து. மினுக்கே இல்லாத சாம்பல் பழுப்பு வகையும் உண்டு, அதற்கும் அடிப்பக்கம் வெள்ளை, கீறினால் பழுப்பு, வித்து கோகோ நிறம். தூரில் வந்தால் வேர் அழுகல், அடித்தண்டு அழுகல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கானோடெர்மாவுக்குள் எந்த இனம் என்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது, மரபணுச் சோதனை வேண்டும். வீட்டு மரத்துக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க அது தேவையும் இல்லை.

ஃபெல்லினஸும் உறவினர்களும்: கரும்பழுப்பு அல்லது கறுப்பு, மேற்பரப்பு வெடித்து, இரும்பு போலக் கடினம், உள்ளே துரு நிறம். இதில் ஒரு வகை காளானே காட்டாமல் வேரிலும் தூரிலும் மண்ணோடு சேர்ந்த கரும்பழுப்பு ஓடாகப் படரும். வேரைக் கழுவினாலும் மண் ஒட்டியபடியே இருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

ஸ்கைசோஃபில்லம்: நகம் அளவில் இருந்து இரண்டு விரல் அகலம் வரை, சாம்பல் வெள்ளையில் மயிர் படர்ந்த சிறு விசிறிகள், அடியில் மடிப்புகள் நீளவாக்கில் பிளந்திருக்கும். வெயிலில் சுருங்கும், மழையில் மறுபடி விரியும். செத்த பட்டையில்தான் பெரும்பாலும் வரும். ஆகவே இதைப் பார்த்தால் பட்டை எப்படிச் செத்தது என்று தேடுங்கள், வெயில் காந்தலா, நெருப்பா, அடியா என்று.

சைலேரியா: கறுப்பு விரல்கள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது போல, கடினமாக இருக்கும். பெரும்பாலும் புதைந்த செத்த கட்டையில்.

புற்றுக் காளான்: குடை, நடுவில் கூரான முனை, வெள்ளை மடிப்பு, இளஞ்சிவப்பு வித்து, காம்பு வேர் போல மண்ணுக்குள் நீண்டு கறையான் கூடு வரை போகும். மரத்தைத் தின்கிற பூஞ்சை இது இல்லை, கறையான் வளர்க்கிற பூஞ்சை. ஆனால் கறையான் அங்கே எதற்கு வந்தது, தூரில் செத்த கட்டை இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

கொத்துக் கொத்தாகச் சின்னக் குடைகள், கறுப்பு வித்து, சில வகை ஓரிரு நாளில் மையாகக் கரையும்: புதைந்த கட்டையிலும் எருவிலும் வருபவை, மரத்துக்கு ஆபத்தில்லை.

புல்தரையில், மரத்தைச் சுற்றி, பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், காம்பில் வளையம், பச்சை வித்து: குளோரோஃபில்லம். மரத்துக்கு ஒன்றும் செய்யாது, தின்றால் மனிதருக்குக் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள். பொதுவாகவே இந்த வழிகாட்டியை வைத்து எந்தக் காளானையும் சமைக்க வேண்டாம். இதில் சொன்ன அடையாளங்கள் மரத்துக்காகப் பார்ப்பவை, சாப்பாட்டுக்குப் போதாது.

9. தென்னை என்றால் தனியாகப் பாருங்கள்

தென்னையில் கானோடெர்மா வருவதைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்பார்கள், அடித்தண்டழுகல் என்றும் சொல்வதுண்டு. இங்கே வரிசை தலைகீழ். முதலில் வேர் அழுகும், பிறகு தூரில் வெடிப்பு வழியாகச் செம்பழுப்புச் சாறு கசிந்து மேல்நோக்கி ஏறும், அடிமட்டைகள் மஞ்சளாகி, காய்ந்து, தண்டோடு ஒட்டித் தொங்கும், குரும்பை உதிரும். காளான் வருவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். எனவே காளான் இல்லை என்பதால் நோய் இல்லை என்று நினைக்கக் கூடாது, காளான் வந்த பிறகு அந்த மரத்தைக் காப்பாற்றுவதும் கஷ்டம். அப்போது கவனம் பக்கத்து மரங்களுக்குப் போக வேண்டும்.

சாறு கசிவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சாறு வடிதல் என்று இன்னொரு நோய் இருக்கிறது. அதில் கசிவு தண்டின் எந்த உயரத்திலும் வரலாம், காளான் வராது. சிவப்புக் கூன்வண்டு துளைத்தாலும் பழுப்புச் சாறு வரும், ஆனால் துளையும் அதிலிருந்து மென்று தள்ளிய நாரும் தெரியும், தண்டில் காது வைத்தால் உள்ளே கறுமுறுவென்று கேட்கும்.

நோய் உறுதியானால் மரத்தைச் சுற்றி 2 மீட்டர் ஆர வட்டத்தில் மண் நனைய 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த காப்பர் மருந்து) 40 லிட்டர் ஊற்றுவதும், வருஷத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடுவதும் வேளாண்மைத் துறையினர் சொல்லும் வழக்கமான பரிந்துரை. நோயுள்ள மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து அதன் வேர் பக்கத்து மர வேரைத் தொடாமல் பிரிப்பார்கள். ஒரு மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயும்படி விடாதீர்கள். வேர் மூலம் மருந்து கட்டுவதாக இருந்தால் மருந்தின் அளவையும் காய் பறிக்க விட வேண்டிய இடைவெளியையும் வேளாண் அலுவலரிடம் கேட்டு மட்டுமே செய்யுங்கள், அந்த இளநீரை நாம்தான் குடிக்கப் போகிறோம்.

10. மரம் எப்படி இருக்கிறது

காளானின் பெயர் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைத்து இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மரம் விழுமா என்பதற்கு மரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சுத்தியலால் தூரைச் சுற்றி ஒரு ஜாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்றும், உள்ளே பொந்து இருந்தால் டொக்கென்றும் கேட்கும். சந்தேகம் வந்தால் அதே மரத்தில் மேலே, நன்றாக இருக்கும் இடத்தில் தட்டி ஒப்பிடுங்கள். தென்னைக்கு இந்த ஒலி அவ்வளவு உதவாது, அதன் தண்டின் அமைப்பே வேறு.

பக்கவேர்களுக்கு இடையில் இருக்கும் குழிகளில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். குத்தித் துளைக்கத் தேவையில்லை, அழுகியிருந்தால் அதுவாகவே இறங்கும். நல்ல கட்டையைத் துளைத்தால் நாமே காயம் போட்டவர்கள் ஆவோம்.

மண்ணைப் பாருங்கள். மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் வில் போல விரிசல் விட்டிருக்கிறதா, மண் லேசாகத் தூக்கியிருக்கிறதா, காற்றடிக்கும்போது தூரோடு மண்ணும் அசைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பிறகு உச்சி. இலை சிறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவு குறைந்து, நுனிக்கிளைகள் காய்ந்தால் வேர் பாதிப்பு மேலே எட்டிவிட்டது. வேம்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில், ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, நுனிக்கருகல் நோய் வந்து இலைகள் கொத்துக் கொத்தாகப் பழுப்பாவது வழக்கம். அது வேறு பூஞ்சை, தூரில் இருக்கும் காளானோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

11. அடுத்து என்ன செய்யலாம்

மக்கலில் வளர்கிற காளான் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். மருந்தும் வேண்டாம்.

தூரிலோ பக்கவேரிலோ கெட்டியான தட்டுக் காளான், கூடவே டொக்கென்ற ஒலி அல்லது மண் விரிசல், மரம் வீட்டையோ ரோட்டையோ பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்றால் உடனே அடியில் நிறுத்தும் வண்டியை மாற்றுங்கள், குழந்தைகளின் ஊஞ்சலை அவிழ்த்துவிடுங்கள், மரம் பார்க்கத் தெரிந்தவரை வரவழையுங்கள். மின்கம்பி போகிறது என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும்போது புயல் காற்று வருவது நம் ஊர் வழக்கம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் விழுந்தன. ஆகவே இந்தச் சோதனையை அக்டோபருக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. தெருவோர மரம் என்றால் நீங்களே வெட்டக் கூடாது, மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுங்கள்.

தென்னை தவிர்த்த மரங்களில் தூரில் காப்பர் மருந்து ஊற்றுவதால் உள்ளே இருக்கும் அழுகல் நிற்காது, மருந்து வைரக்கட்டைக்குப் போய்ச் சேராது. பொந்தை சிமென்ட் போட்டு அடைப்பதும் வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான் அது. பயத்தில் மரத்தை மொட்டையடிப்பவர்களும் உண்டு. பாதி வேரை இழந்த மரத்துக்கு உணவு செய்து கொடுப்பது இலைதான், அதையும் எடுத்துவிட்டால் மிச்ச வேரும் சாகும். பாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அளவாக, தெரிந்தவரை வைத்துக் கவாத்து செய்யுங்கள். தூரில் குவித்த மண்ணை விலக்கி, தண்ணீர் தேங்காமல் வடியவிட்டு, மீதி வேர்களை வெட்டாமல் பார்த்துக்கொள்வதே மரத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

பெயர் உறுதியாக வேண்டும் என்றால் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ கேட்டுவிட்டு மாதிரி அனுப்புங்கள். தீப்பெட்டி அளவு மரத்துணுக்கோடு ஒரு முழுக் காளான், காகிதத்தில் சுற்றி, காகித உறைக்குள். வித்துப் பதிவு எடுத்த தாளை மடித்துத் தனி உறையில் வையுங்கள், ஒன்றோடு ஒன்று உரசினால் அழிந்துவிடும். உறைமேல் எடுத்த தேதி, ஊர், மரத்தின் பெயர், தோராய வயது, எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள். இரண்டாவது படியில் எடுத்த படங்களையும் கூடவே கொடுங்கள், முக்கியமாக அந்த அடிப்பக்கப் படத்தை.